நீங்கள் கேட்டவை: போட் எஞ்சினும் படைப்புழுவும்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதி இயந்திரம், பாதி பூச்சி. எல்லாமே திருகோணமலைப் பக்கத்துக் கடிதங்கள். இரண்டையும் பிரித்து அடுத்தடுத்த இதழ்களில் போடலாமா என்று ஆசிரியர் கேட்டார், நான்தான் சேர்த்தே போடுவோம் என்று நின்றேன். காரணம் மூன்றாவது கேள்விக்கு வரும்போது விளங்கும்.

கொட்பேயிலிருந்து ஒரு மீனவர்: அண்ணை, பாவித்த போட் எஞ்சின் ஒன்று விலைக்கு வந்திருக்கு. "இதே மொடல் நம்மட வாடியில அஞ்சு ஓடுது, ஒரு வருஷமா ஒண்டும் நிண்டதில்ல" என்று விற்கிறவர் சொல்கிறார். நம்பி வாங்கலாமா?

தம்பி, அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்தும் ஓடித்தான் இருக்கும். ஆனால் ஐந்தே ஐந்து எஞ்சினை வைத்து எவ்வளவு தூரம் உறுதி கொடுக்கலாம் என்று கணக்குப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். நூற்றுக்கு 95 பங்கு நம்பிக்கையோடு சொல்லக்கூடியது இதுதான்: அந்த மொடல் எஞ்சின் ஒன்று ஒரு வருஷம் பழுதில்லாமல் ஓடுவதற்கான வாய்ப்பு 55 வீதத்துக்குக் குறையாது. பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். 95 வீதம் ஓடும் என்று அதே நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமென்றால் 59 எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும், அதில் ஒன்றுகூட நின்றிருக்கக் கூடாது. 99 வீதம் என்றால் 299.

இன்னொன்றும் இருக்கிறது. நின்றுபோன எஞ்சின் வாடியில் இருக்காது, கராஜிலோ பழைய இரும்புக் கடையிலோ கிடக்கும். ஓடுகிறதை மட்டும் எண்ணினால் உலகத்தில் கெட்ட மொடல் என்று ஒன்றுமே இல்லை.

அதனால் அந்த ஐந்தையும் மறந்துவிட்டு, வாங்கப்போகிற இந்த ஒன்றைப் பாருங்கள். தண்ணீரில் இறக்கி அரை மணித்தியாலமாவது ஓட விடச் சொல்லுங்கள், குளிர்நீர் பீய்ச்சுகிற சின்னத் துவாரத்தில் தண்ணீர் ஒரே சீராக வருகிறதா என்று கவனியுங்கள். கியர் ஒயிலில் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், வெளுத்துக் கலங்கியிருந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே போகிறது. சிலிண்டர்களின் கொம்பிரஷனை மீற்றர் வைத்து அளந்து, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருந்தால் விலையைக் குறைக்கக்கூடக் கேட்காதீர்கள், திரும்பி வாருங்கள். துரு பிடிக்காமல் இருக்கப் பூட்டியிருக்கும் நாகத் துண்டு பாதி கரைந்திருந்தால் அது குற்றமில்லை, அது கரையத்தான் பூட்டுவது, புதிதாக மாற்றலாம். அதற்கு மேலேயே பெயின்ற் அடித்து வைத்திருந்தால்தான் யோசிக்க வேண்டும், ஏனென்றால் பெயின்ற் அடித்த துண்டு வேலை செய்யாது, அது செய்யாத வேலைக்கு எஞ்சின்தான் கரைந்திருக்கும்.

ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு விவசாயி: ஐயா, சோளன் குருத்துக்குள் புழு. ஒருவர் சேனா படைப்புழு என்கிறார், இன்னொருவர் வழமையாக வருகிற புழு என்கிறார். எதைப் பார்த்து முடிவு செய்வது?

தலையையும் வால் பக்கத்தையும் பாருங்கள், நடுவை விடுங்கள். நிறத்தை நம்பவே வேண்டாம், ஒரே வயலில் பச்சையும் இருக்கும் மண்ணிறமும் இருக்கும். நன்றாக வளர்ந்த புழுவின் தலையில், முன்பக்கமாகப் பார்த்தால், ஆங்கில 'வை' எழுத்தைத் தலைகீழாக வைத்தது போல வெளிர்க் கோடு தெரியும். வாலுக்கு முந்தின பக்கம், கடைசிக்கு ஒன்று இரண்டு கணுவுக்கு முன்னால், நான்கு கறுப்புப் புள்ளிகள் சதுரமாக நிற்கும். இரண்டும் சேர்ந்து இருந்தால் படைப்புழு என்றே எடுத்துக்கொள்ளலாம். தலைக்கோடு மட்டும் மங்கலாக இருந்தால் போதாது, வேறு சில புழுக்களுக்கும் அப்படி ஒரு சாயல் உண்டு. பொரித்து இரண்டு மூன்று நாளான குஞ்சுப் புழுவில் இந்த அடையாளம் எதுவும் தெளிவாகத் தெரியாது, அதைப் பிடித்து வைத்துக்கொண்டு சண்டை பிடிப்பதில் பிரயோசனமில்லை. குருத்துக்குள் மரத்தூள் மாதிரிக் கழிவு நிறைய இருந்து, உள்ளே பெரிய புழு ஒன்றே ஒன்று மட்டும் இருந்தால் சந்தேகம் கூட வேண்டும். ஒன்றை ஒன்று தின்கிற சாதி அது.

சொந்த இடம் அமெரிக்கக் கண்டம். 2016இல் ஆபிரிக்காவில் கண்டார்கள், 2018 நடுவில் கர்நாடகாவில், அந்த வருஷம் முடிவதற்குள் இங்கே. அந்துப்பூச்சி காற்று வாய்த்தால் ஒரே இரவில் 100 கிலோமீற்றர் போகும் என்கிறபோது இது ஆச்சரியமில்லை.

வயல் வரப்பில் நின்று பத்துக் கன்றைப் பார்த்துவிட்டு "இல்லை" என்று வீட்டுக்குப் போகாதீர்கள். ஐந்து இடத்தில், இடத்துக்கு இருபது கன்று என்று உள்ளே நடந்து பாருங்கள். நூறு கன்றிலும் ஒன்றும் இல்லாவிட்டால்கூட, வயலில் 3 வீதம் வரை புழு இருக்கலாம் என்பதுதான் கணக்கு. மேலே எஞ்சின்காரத் தம்பிக்குச் சொன்ன அதே கணக்கு.

உவர்மலையிலிருந்து ஒரு மாணவர்: பேராதனையில் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். இறுதியாண்டு ஆய்வுக்கு நீர்ப்பம்பிகளின் நம்பகத்தன்மையை எடுத்தேன். 14 பம்பியில் 6 மட்டும்தான் பழுதானது, இந்தத் தரவு போதாது என்கிறார்கள். வந்தாறுமூலையில் விவசாயம் படிக்கும் தங்கச்சி, தன் பூச்சி ஆய்வுக்கும் இதே கணக்குத்தான் என்று சொல்லிச் சிரிக்கிறாள். உண்மையா?

தங்கச்சி சொல்வது சரி, சிரிக்கவும் அவளுக்கு உரிமை இருக்கிறது. உங்கள் பாடத்தில் தினமும் வருகிற வைபுல் பரம்பலை எடுங்கள், ஒரு பொருள் எவ்வளவு காலத்தில் பழுதாகும் என்று கணிக்கப் பாவிக்கிற கோடு அது. சுவீடன்காரர் வலோடி வைபுல் 1951இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்துச் சஞ்சிகையில் அதைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஏழு உதாரணம் கொடுத்தார். உருக்கின் வலிமை, உருக்கு களைத்து முறியும் ஆயுள், இதெல்லாம் நாம் எதிர்பார்ப்பது. ஆனால் அதே பட்டியலில் இந்தியப் பருத்தி நாரின் வலிமை இருக்கிறது, பிரித்தானியத் தீவுகளில் பிறந்த ஆண்களின் உயரம் இருக்கிறது, போஞ்சி விதையின் அகலம்கூட இருக்கிறது. எண்ணுக்குத் தான் உருக்கில் இருந்து வந்தேனா விதையில் இருந்து வந்தேனா என்று தெரியாது என்பதை அவர் அன்றைக்கே காட்டிவிட்டார். இன்று நாம்தான் பீடம் பீடமாகப் பிரித்து வைத்திருக்கிறோம்.

இப்போது உங்கள் 14 பம்பி. பழுதானது 6, சரி. மிச்சம் 8ஐ என்ன செய்தீர்கள்? அட்டவணையில் இருந்து எடுத்துவிட்டிருந்தால் அங்கேதான் பிழை. பழுதாகாமல் இத்தனை மணித்தியாலம் ஓடியது என்பதும் தரவுதான். உங்கள் தங்கச்சி இலையில் புழுவை விட்டு எத்தனையாம் நாள் சாகிறது என்று எண்ணுவாள், ஆய்வு முடிகிற அன்று சில புழு உயிரோடு இருக்கும், அவற்றை அவள் வீசிவிட மாட்டாள், "இத்தனை நாள் வரை உயிரோடு" என்று எழுதுவாள். அவள் உயிரோடு என்று எழுதும் இடத்தில் நீங்கள் ஓடுகிறது என்று எழுதுங்கள். இப்படி மிஞ்சினதையும் சேர்த்தே எண்ணுவதற்கு 1958இல் கப்லன், மையர் இருவரும் கொடுத்த முறை இரண்டு பேருக்கும் பொது. வைபுல் கோட்டைப் பொருத்தும்போதும் அந்த எட்டையும் உள்ளே சேர்க்கலாம், இப்போதைய மென்பொருள் எல்லாம் செய்யும்.

இன்னும் ஆழமான உறவு தொற்றுநீக்கத்தில் இருக்கிறது. பழத்தை ஒரு நாட்டில் இருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்பும்போது உள்ளே பழ ஈ புழு இருந்தால் சாக வேண்டும் என்று சூடோ குளிரோ கொடுப்பார்கள். எவ்வளவு செத்தால் போதும்? அமெரிக்காவில் 1939இல் பேக்கர் என்பவர் வைத்த அளவுகோல் 99.9968 வீதம், பத்து இலட்சத்தில் 32 மட்டும் தப்பலாம். அதை 95 வீத நம்பிக்கையோடு நிரூபிக்க 93,613 பூச்சியைச் சோதித்து, ஒன்றுகூடத் தப்பாமல் காட்ட வேண்டும். ஏற்றுமதிப் பெட்டிகளில் இருந்து 600 காய் எடுத்துப் பார்த்து ஒன்றிலும் பூச்சி இல்லையென்றால், தாக்கம் அரை வீதத்துக்குக் கீழே என்று 95 வீதம் நம்பலாம் என்ற பரிசோதனை விதியும் அதே சூத்திரம். 59 எஞ்சின், 600 காய், 93,613 பூச்சி, மூன்றுக்கும் ஒரே ஒரு வரிதான் சமன்பாடு: 0.95ஐ 59 தடவை பெருக்கினால் 0.05க்குக் கீழே போகும், மற்ற இரண்டும் அதே மாதிரி. போதனையாளர் மறுத்தால் இதையே எழுதிக் காட்டுங்கள்.

6 பழுது போதுமா என்றால், பழுதின் வகையைப் பொறுத்தது. சீல் ஒழுகி நின்றதையும் மோட்டார் வயர் எரிந்து நின்றதையும் பெயரிங் போனதையும் ஒரே கோட்டில் போட்டால் அந்தக் கோட்டுக்கு அர்த்தமே இல்லை. பிரியுங்கள். பிரித்த பிறகு ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்றுதான் மிஞ்சும், அப்போது வைபுல் கோட்டின் வடிவச் சுட்டி 1.2 வந்துவிட்டது, 1க்கு மேலே என்றால் தேய்மானம்தானே என்று அடித்து எழுதாதீர்கள். அந்த 1.2ஐச் சுற்றிய நம்பிக்கை எல்லையைப் போட்டுப் பாருங்கள், 1க்குக் கீழேயும் போகும், 2க்கு மேலேயும் போகும். எல்லையோடு எழுதினால் சின்னத் தரவும் மரியாதையான தரவுதான்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு அரிசி ஆலைக்காரர்: கற்றலொக்கில் 20,000 மணித்தியாலம் என்று போட்ட பெயரிங் 6,000இல் போய்விட்டது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா? வருஷா வருஷம் எல்லாவற்றையும் கழற்றி மாற்றுகிறேன், அப்படியும் நிற்கிறது.

போலிப் பெயரிங் சந்தையில் உண்டு, ஆனால் கடைக்காரரைத் திட்ட முன்னம் அந்த 20,000 என்ன என்று பாருங்கள். அது நூறு பெயரிங்கில் 90 தாண்டுகிற ஆயுள். மிச்சம் 10 அதற்கு முன்னமே போகும், அது குறைபாடே இல்லை. அதுவும் சரியான சுமை, சுத்தமான கிறீஸ், நேரான தண்டு என்ற நிபந்தனையோடு. போல் பெயரிங்கில் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்றாகிவிடும், பெல்ற்றை இறுக்கி இறுக்கி வைத்தால் அதுதான் நடக்கும். உமித்தூள் பறக்கிற இடத்தில் மூடி இல்லாத பெயரிங் போட்டிருந்தால் வேறு காரணமே தேட வேண்டாம்.

வருஷா வருஷம் எல்லாவற்றையும் மாற்றுவது பற்றி: 1978இல் நௌலான், ஹீப் என்ற இரண்டு பேர் விமானப் பாகங்களை ஆராய்ந்து எழுதிய அறிக்கையில், 89 வீதமான பாகங்களுக்கு வயதைப் பார்த்து மாற்றுவதால் நன்மை இல்லை என்றார்கள். 68 வீதம் பூட்டின புதிதில்தான் அதிகம் பழுதானது. அரிசி ஆலை விமானம் இல்லைதான், ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல பெயரிங்கைக் கழற்றிச் சுத்தியலால் தட்டிப் புதிதைப் போடும்போது என்ன நடக்கும் என்று உங்கள் மெக்கானிக்கையே கேளுங்கள். பெல்ற், சீல், ரப்பர் சாமான்களைத் தவணைக்கு மாற்றுங்கள். பெயரிங்கைச் சத்தத்தையும் சூட்டையும் பார்த்து மாற்றுங்கள்.

மூதூரிலிருந்து ஒரு ஆசிரியை: பூச்சியைப் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலி 97 வீதம் உறுதி என்று காட்டுகிறது. பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

காட்டுங்கள் ரீச்சர், பிள்ளைகள் பூச்சி பார்க்கப் பழகுவது நல்லது. ஆனால் அந்த 97 என்பது, சொன்ன பெயர் சரியாக இருப்பதற்கான வாய்ப்பு அல்ல. தனக்குப் படிப்பித்த பட்டியலில் உள்ள பூச்சிகளோடு ஒப்பிட்டு, இதுதான் கிட்ட இருக்கிறது என்று சொல்கிறது. பட்டியலில் இல்லாத புதுப் பூச்சியைக் காட்டினாலும் ஏதோ ஒரு பெயர் சொல்லும், அதுவும் தைரியமாகச் சொல்லும்.

வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1,000 புழு, அதில் உண்மையான புது ஊடுருவி 20 என்று வையுங்கள். செயலி இரண்டு பக்கமும் 95 வீதம் சரி. 20இல் 19ஐப் பிடிக்கும், கெட்டித்தனம். மிச்சம் 980இலும் 49ஐ ஊடுருவி என்று சொல்லும். ஆக 68 தடவை அலாரம், அதில் உண்மை 19தான். அதே செயலி படைப்புழு நிறைந்த சோளன் வயலில் மிக நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அங்கே பெரும்பாலானது அதுதான். கோதுமைக் கப்பல் வந்து நிற்கிற சீனக்குடாப் பக்கம், இதுவரை வராத பூச்சியைத் தேடுவதற்கு அது முதல் வடிகட்டி மட்டுமே. அதற்குப் பிறகு நுணுக்குக்காட்டி, அதிலும் சந்தேகம் என்றால் மரபணு. ஏறத்தாழ 658 எழுத்து நீளமான ஒரு துண்டை வாசித்து இனம் பிரிக்கும் முறையைக் கனடாவில் ஹேபர்ட் குழுவினர் 2003இல் முன்வைத்தார்கள், முட்டையையோ ஒடிந்த காலையோ கொடுத்தால்கூடப் போதும்.

நிலாவெளியிலிருந்து ஒரு அம்மா: தென்னோலை அடியில் வெள்ளை வெள்ளையாய் அப்பி, கீழே வாழை, கொய்யா எல்லாம் கறுத்துப் போச்சு மகன். மரம் செத்துப் போகுமா?

கறுப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள் அம்மா. மேலே இருக்கும் வெண் ஈ இனிப்பான கழிவை விடும், அதில் வளருகிற பூஞ்சணம்தான் அந்தக் கறுப்பு. அதனால் மட்டும் மரம் சாகாது, காய்ப்புக் குறையலாம். முட்டை சுருள் சுருளாக இட்டிருக்கிறது என்று ஒருவர் இனத்தின் பெயர் சொன்னால் நம்ப வேண்டாம், ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் அப்படி இடும். வெண் ஈயைப் பிரித்தறிவது பறக்கிற ஈயை வைத்து இல்லை, ஓலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கடைசிப் பருவக் கூட்டை நுணுக்குக்காட்டியில் வைத்துத்தான். எட்டக்கூடிய மரமென்றால் ஓலை அடிக்கு வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். கண்ட மருந்தையும் அடித்தால் வெண் ஈயைத் தின்னும் சின்னக் குளவிதான் முதலில் சாகும். தெங்கு பயிர்ச்செய்கைச் சபை அலுவலரிடம் ஒரு துண்டு ஓலையைக் காட்டுங்கள், ஆனால் கடதாசி உறையில் போட்டு மூடி. திறந்தபடி பஸ்ஸில் கொண்டுபோனால் வழி நெடுகப் பரப்பிக்கொண்டு போவீர்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர்: பூச்சியின் சரியான பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது? மருந்து அடித்தால் எல்லாம் சாகும்தானே?

மரவள்ளிக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். 1970களின் தொடக்கத்தில் கொங்கோப் பக்கம் ஒரு மாவுப்பூச்சி வந்து மரவள்ளித் தோட்டங்களைத் தின்னத் தொடங்கியது. மரவள்ளியைச் சோறாகத் தின்கிற ஆபிரிக்காவில் அது பஞ்சம். மரவள்ளி தென் அமெரிக்காவில் இருந்து வந்த பயிர், ஆகவே பூச்சியும் அதன் எதிரியும் அங்கேதான் என்று போய்த் தேடினார்கள். தென் அமெரிக்காவின் வடக்கில் அதே போல ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது, அதன் எதிரிக் குளவிகளைக் கொண்டுவந்தார்கள், குளவி ஆபிரிக்கப் பூச்சியைத் திரும்பியும் பார்க்கவில்லை. நுணுகிப் பார்த்தபோதுதான் அது வேறு இனம் என்று தெரிந்தது. சரியான பூச்சி 1981இல் பராகுவேயில் கிடைத்தது, அங்கிருந்து வந்த அனாகைரஸ் லோபேசி என்ற குளவியை அதே வருஷம் நைஜீரியாவில் விட்டார்கள். அந்தச் சின்னக் குளவி கண்டம் முழுக்கப் பரவி வேலையை முடித்தது. திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. இனத்தை மாற்றிப் பிடித்ததால் போன வருஷங்களுக்கு யாரும் கணக்குப் போட்டதில்லை.

நம் நாட்டிலும் 2008இல் பப்பாசி மாவுப்பூச்சி பரவியபோது பெயர் சரியாகத் தெரிந்ததால்தான் அடுத்த வருஷமே பொருத்தமான குளவியைக் கொண்டுவர முடிந்தது. மருந்து அடித்தால் சாகும் என்பது பாதி உண்மை. மாவுப்பூச்சிக்கு மேலே மெழுகு மூடியிருக்கும், மருந்து குளவிக்குத்தான் நேரே படும்.

சீனக்குடாவிலிருந்து ஒரு தச்சர்: இயந்திரம் வந்த மரப் பலட்டுகள் மலிவாகக் கிடைக்குது. அதில் முத்திரை இருக்கு. தளபாடம் செய்யலாமா?

கோதுமைக் கதிர் படத்தோடு எச்.ரி. என்று இருந்தால் சூடு காட்டிய மரம், செய்யுங்கள். மரத்தின் நடுத்தண்டு வரை 56 பாகை செல்சியசில் தொடர்ந்து 30 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி, 2002இல் வந்தது. அறையின் சூடு 56 ஆனால் போதாது, நடுவில் துளை போட்டு உணரி வைத்து அளக்க வேண்டும், தடித்த மரம் என்றால் மணிக்கணக்கில் போகும். எம்.பி. என்று இருந்தால் மெதைல் புரோமைட் என்ற நச்சுப் புகை போட்டது, சாப்பாட்டு மேசை, தொட்டில் வேண்டாம். முத்திரையே இல்லாமல் பட்டையோடு இருந்தால், துளைக்கு வெளியே புதுத் தூள் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் பட்டறைக்குள் எடுக்காமல் பயிர்த் தொற்றுக்காப்பு அலுவலருக்குச் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஆஷ் என்ற மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்ற மரகத வண்டு இப்படிப் பெட்டி மரத்தில்தான் போய்ச் சேர்ந்தது என்று நம்புகிறார்கள்.

குச்சவெளியிலிருந்து ஒருவர்: தென்னைக்குள் இருக்கும் சிவப்புக் கூன்வண்டுப் புழுவைக் கருவி வைத்துக் கேட்கலாமாமே?

கேட்கலாம். பெயரிங்கில் கீறல் விழுந்ததைக் கண்டுபிடிக்கிற அதே அதிர்வு உணரியை மரத்தில் வைத்தால் புழு நார் கடிக்கிற ஓசையைப் பிடிக்கும். இந்த வண்டு நமக்குப் பழைய ஆள், 1980களில் வளைகுடா நாடுகளுக்குப் போய் அங்கே பேரீச்சையைத் தின்கிறது, அதனால்தான் ஆராய்ச்சிக்குப் பணம் வந்தது. காற்று அடித்தால் ஓலைச் சத்தம், றோட்டுப் பக்கம் என்றால் லொறிச் சத்தம் எல்லாம் கலக்கும், அதிகாலையில் வைத்துக் கேட்பது நல்லது. கருவி வாங்க அவசரப்படாதீர்கள். தண்டில் துளை, அதில் மண்ணிறச் சாறு ஒழுகல், துளை வாயில் மென்று துப்பின நார், இந்த மூன்றையும் பத்து நாளுக்கு ஒருதரம் மரம் மரமாகப் பாருங்கள், குறிப்பாக இளம் மரங்களை, கத்திக் காயம் பட்ட மரங்களை.